நீ செக் பண்ணச் சொன்ன வீடு

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகன் சிவப்பிரகாஷுக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல தங்கச்சி அனுசியா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் ரூமில் இருக்கிற பிள்ளைகளும் வெயிலில் வாடாமல் இருக்கவேண்டும் என்று செந்தூர் முருகனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, காகிதம் எதற்கு என்று நினைப்பாய். எய்யா, போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் பாதியிலேயே விடும்மா விடும்மா என்று நீ அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாய். காகிதம் உன்னை மறித்துப் பேசாது, நீயும் அதை மறிக்க முடியாது, கடைசி வரைக்கும் வாசித்துத்தான் ஆகவேண்டும். அடுத்த தெரு பிரேமாவின் வீட்டுக்காரர் லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். கூடவே சில்லுக் கருப்பட்டி ஒரு பொட்டலம், நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ. கருவாட்டை மூன்று கவருக்குள் போட்டுச் சுற்றியிருக்கிறேன், ஏர்போர்ட்டில் பெட்டியைச் செக் பண்ணும்போது மணம் கிளம்பினால் அவருக்குத்தான் சங்கடம்.

கடை ஓடுகிறது. ஆத்தூர் வெற்றிலை இரண்டு வாரமாகச் சரியாக வரவில்லை, மழையில் கொடிக்கால் அழுகுகிறதாம், வருகிறதும் முற்றல் இலைதான், அதற்கும் வாடிக்கைக்காரர்கள் என்னைத்தான் ஏசுகிறார்கள். போன மாதம் பெரியாஸ்பத்திரியில் சுகர் செக் பண்ணினேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றார்கள். நீ கவலைப்படாதே. இப்போது முத்தையாபுரம் பெண் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளத்துரை அண்ணாச்சி கொண்டு வந்த போட்டோவை உனக்கு அனுப்பினதும், எனக்கு ஓகேம்மா, பொண்ணு வீட்டை மட்டும் நல்லா செக் பண்ணிடு என்று பதில் போட்டாய். சண்முகப்ரியா என்கிற பெயர்கூட நல்லா இருக்கு என்று சொன்னாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இதை எழுத வாரமெல்லாம் தள்ளிப்போட்டேன். அந்தப் பெண் நமக்கு வேண்டாம் எய்யா. ஏன் வேண்டாம் என்பதை நீ முழுதாகத் தெரிந்துகொள்ளவேண்டும்.

செக் பண்ணு என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். அந்தச் சொல் ஒரு வாரமாக என் தலைக்குள் கிடந்து உருளுகிறது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், ஆனாலும் இந்தச் சொல் நான் போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் நிற்கிறது. திருச்செந்தூர் பஸ்ஸில் செக்கிங் ஏறினால் டிக்கெட் எடுத்தவனும் சட்டைப்பையைத் தடவுகிறான். உன் அப்பா சாகிற வரைக்கும் உடுத்தினது செக் லுங்கிதான், கட்டம் போட்டது என்று கேட்டால் கடைக்காரனுக்கே புரியாது. கோயில் கொடைக்கு மைக் கட்டுகிறவன் செக் செக் என்று சொல்லியே நாலு தெருவைக் கூட்டிவிடுகிறான். பாங்கில் அது ஒரு காகிதம். நம் கடை முன்னால் டீ குடித்துக்கொண்டு அரசியல் பேசுகிறவர்கள், இவன் அவனுக்கு வச்சான் பாரு ஒரு செக் என்று தொடையில் அடித்துக்கொள்கிறார்கள். கேஸ்காரன் ஒரு தடவை முகர்ந்து பார்த்து செக் பண்ணியாச்சும்மா என்று போய்விடுகிறான். ஆனால் இந்தக் கரையில் இறால் கம்பெனிக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, சாயந்தரம் கேட்டில். காலையில் உள்ளே போகும்போதும் கையை நீட்டச் சொல்லி நகம், காயம், மோதிரம் எல்லாம் பார்ப்பார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன், கடல் தாண்டிப் போகிற சரக்கு, சுத்தம் வேண்டும். நான் சொல்லுவது வெளியே வரும்போது நடக்கிறதை.

தங்கச்சி ஏழு மாதம் அந்தக் கம்பெனிக்குப் போனாள். ஏன் நின்றாள் என்று நீ கேட்டபோது தண்ணீர் சேரவில்லை, விரலெல்லாம் வெந்துபோகிறது என்று சொன்னேன். அது பொய். போன ஐப்பசியில் ஒரு நாள் உரித்த இறால் ஒரு ட்ரே குறைந்திருக்கிறது. வெளியே போகிற நாற்பது பெண்களையும் கேட்டில் வரிசையாக நிறுத்தி, பையையும் டிபன்பாக்ஸையும் பார்த்து ஒவ்வொருத்தியாக விட்டிருக்கிறார்கள். நம் பிள்ளையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, யாரையும் முந்தமாட்டாள், நீங்க போங்கக்கா நீங்க போங்கக்கா என்று எல்லாரையும் விட்டுவிட்டுக் கடைசி ஆளாக நின்றிருக்கிறாள். முப்பத்தொன்பது பேரிடம் கிடைக்காதது கடைசி ஆளிடம்தான் இருக்கும் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டாள். டிபன்பாக்ஸில் இல்லை. ஷாலை உதறச் சொன்னாள். அதிலும் இல்லை. சடையை அவுழு என்றாள். கன்டெய்னர் லாரி டிரைவர்கள் ஆறேழு பேர் பீடி குடித்துக்கொண்டு நிற்கிறார்கள், போக விட்ட பெண்களும் போகாமல் நின்று பார்க்கிறார்கள். இவள் சடையை அவிழ்த்து, குனிந்து, தலையை உதறிக் காட்டியிருக்கிறாள். லாரிக்காரன் ஒருத்தன், ஏலே இறாலு கொட்டுதான்னு பாருலே என்று சொல்ல எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்த இவள் கை நின்றுவிட்டது. பிறகு அவளே, சொல்லும்மா எழுதுதேன் என்றாள்.

மறுநாள் அந்த ட்ரே வேறொரு அறையில் ஐஸுக்கு அடியில் இருந்தது. யாரும் வந்து சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் கம்பெனி வாசலுக்குப் போய் அந்தச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். செக்கிங்தானே, அதுல என்ன இருக்கு, ஒங்க மகளுக்கு மட்டுமா பண்ணினோம் என்றாள். போய்க்கொண்டே சொன்னாள், நின்றுகூடச் சொல்லவில்லை. அன்றையிலிருந்து பதினோரு மாதம் இவள் கோயிலுக்கு வரவில்லை, கடையில் வந்து உட்காரவில்லை, சடை பின்னவில்லை. தலையை இறுக்கி முடிந்து கொண்டையாகப் போட்டுக்கொள்கிறாள். நீ வீடியோவில் பார்த்துவிட்டு என்னளா கெழவி மாதிரி கொண்ட போட்டிருக்க என்று சிரித்தாயே, அன்றைக்கு இவள் சாப்பிடவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்குத் தெரியாது.

அந்தச் சூப்பர்வைசர் பெயர் அருணாசலவடிவு. முத்தையாபுரத்துப் பெண்ணின் தாய் அவள்தான். அண்ணாச்சி இரண்டாம் தடவை வந்து, பொண்ணோட அம்மா இறால் கம்பெனியில சூப்பர்வைசர், நல்ல குணசாலி என்று சொன்னபோது பெயரைக் கேட்டேன், அவளேதான். வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பெண் பார்க்க வாரோம்னு சொல்லுங்க அண்ணாச்சி என்றேன். இவளிடம் எந்த வீடு என்று சொல்லாமலே, நாத்தனார் இல்லாமல் பெண் பார்க்கிறதா என்று கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். அது நான் இவளுக்குச் செய்த தப்பு, அதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். வாசலில் அருணாசலவடிவு வாங்க வாங்க என்று கைகூப்பி வந்தவள் எனக்குப் பின்னால் நின்ற இவளைப் பார்த்தாள். கூப்பின கை அப்படியே நின்றது. எனக்கு அந்த ஒரு நிமிஷம் நாலு மாதத்துக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

உள்ளே பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மிக்சரும் லட்டும் வந்தது, நான் தொடவில்லை. பெண் வந்து கும்பிட்டாள். பொய் சொல்லமாட்டேன், போட்டோவில் இருக்கிறதைவிட லட்சணம், இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. என் மகன் எல்லாத்தையும் செக் பண்ணச் சொல்லியிருக்கான் என்று நான் ஆரம்பித்தேன். கையை நீட்டு தாயி என்றேன், நீட்டினாள். திருப்பு என்றேன், திருப்பினாள். பக்கத்தில் ஒரு பெண், இந்தக் காலத்துல இப்படியெல்லாமா பாக்காக என்று முணுமுணுத்தாள். இந்தக் காலத்துலதான் ரொம்பப் பாக்காக, ஒங்க வடிவக்காகிட்ட கேளுங்க என்றேன். பிறகு சடைய அவுத்துக் காட்டச் சொல்லுங்க, சவுரி வச்சிருக்கா என்னன்னு செக் பண்ணணும் என்றேன். பெண் தாயைப் பார்க்கிறாள், தாய் தரையைப் பார்க்கிறாள். வெள்ளத்துரை அண்ணாச்சி எளா சந்தனமாரி என்ன பேச்சு இது என்று எழுந்தார். செக்கிங்தானே அண்ணாச்சி, அதுல என்ன இருக்கு என்றேன். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து எடுத்து அவள் வீட்டிலேயே வைத்தேன். அந்தப் பெண் முதுகுப்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்ப் பூவை எடுத்து மடியில் வைத்துவிட்டு, சடையைக் கீழேயிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். பாதிகூடப் பிரியவில்லை, இவள் எழுந்து போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். போதும்மா, நாம போவோம் என்றாள். பதினோரு மாதமாக வெளியாள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை திறந்து பேசினது இது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருணாசலவடிவு கடைக்கு வந்தாள். அக்கா என்று கூப்பிட்டாள். என் வேல அப்படிக்கா, செக் பண்ணலன்னா என்னத் தூக்கிருவாங்க, என் மக ஒங்களுக்கு என்னக்கா பண்ணினா என்றாள். என் மக ஒனக்கு என்ன பண்ணினா என்று கேட்டேன். வெற்றிலை வாங்க ஆள் வந்தது, நான் அவர்களைக் கவனித்தேன், அவளை நிற்க வைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள், குடையை மறந்து வைத்துவிட்டாள். நான் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. சாயந்தரம் மழை பெய்தது, அவள் நனைந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னடா அம்மா இப்படி ஆகிவிட்டாள் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தோம், பொருந்தவில்லை என்று சொல்லிவிடுவோம், ரெண்டு வீட்டுக்கும் மரியாதை என்று அண்ணாச்சி சொல்லுதார். அது அவளுக்கு நாம் செய்கிற உபகாரமாகப் போய்விடும், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என்ன காரணமோ அதைச் சொல்லித்தான் வேண்டாம் என்று சொல்லவேண்டும், முத்தையாபுரம் முழுதும் தெரியவேண்டும். நீ அண்ணாச்சிக்குப் போன் போட்டு உன் வாயால் சொல்லு. உனக்கு வேறு நல்ல பெண் கிடைப்பாள், நான் பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேராகப் படுக்காதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. கருவாட்டை ரூமில் எல்லாருக்கும் பங்கு வை. நீ நூறு வயசுக்குக் குறைவில்லாமல் இருக்கவேண்டும். வாசித்ததும் கூப்பிடு, என்ன வேண்டுமானாலும் சொல்லு, விடும்மா என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா
சந்தனமாரி

அண்ணே, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். மேலே இருக்கிறது எல்லாம் அம்மா சொன்னது, நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. இது நான் எழுதுவது, அம்மாவுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் இரக்கப்பட்டு எழுந்தேன் என்று அம்மா நினைக்கிறாள். அந்தச் சூப்பர்வைசர் அம்மா முகம் வாடினதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் சடையை அவிழ்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மா இல்லையே. நான் கையைப் பிடித்ததும் சண்முகப்ரியா என் காதோடு, நீங்கதானா அது என்று கேட்டாள். அப்படியென்றால் அந்த வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு இருந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு அது மறக்கவில்லை. மறக்காதது நல்லது.

நீ சரி என்று சொல்லு அண்ணே. வேண்டாம் என்றால் ஒரு வாரம் அழுவார்கள், அப்புறம் வேறு மாப்பிள்ளை வருவான், எல்லாம் முடிந்துபோகும். எனக்கு முடியக்கூடாது. உனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது, அவள் இங்கே வரட்டும், நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன். அவள் அம்மா வருஷா வருஷம் பொங்கல்படி சீர் கொண்டு வரட்டும், நான்தான் காபி கொடுப்பேன். கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சு நாத்தனார்தான் போடவேண்டும். அதற்குப் பெண் வீட்டார் முன்னாலேயே வந்து தட்டில் சேலை வைத்து நாத்தனாரைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். ஏழு மாதமும் கம்பெனியில் அந்த அம்மா என்னை டோக்கன் நம்பரைச் சொல்லி முப்பத்தெட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். நம் வீட்டு வாசலில் பத்துப் பேர் பார்க்க நின்று, அனுசியா என்று சொல்லட்டும். முதல் தடவை சொன்னால் எனக்குக் காது கேட்காது.

உன் தங்கச்சி
அனுசியா