வௌவால் நெருங்கும் சத்தம்

மாப்பிள்ளை,

கணபதி ஏரியாவில் என் லேத் பட்டறைச் சந்துக்குள் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். சுவர் தூரத்தில் இருந்தவரை நிதானமாகக் கத்திய சென்சார், கிட்டே போகப் போக அவசரப்பட்டு, கடைசியில் ஒரே இழுப்பாக அலறியது. பிரேக்கை மிதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தோட்டத்து வௌவால்தான் அது.

சர்க்கரை உங்கள் கண்ணைப் பறித்த பிறகு, ஞாயிறுதோறும் காங்கேயம் வந்தேன். பொழுது சாய்ந்து, கொப்பரை காயும் களத்தில் விளக்குப் போட்டதும் பூச்சி மொய்க்கும். பூச்சியைத் தேடி வௌவால் வரும். அதன் சத்தம் மனிதக் காதுக்குக் கேட்காது என்று, ஏழாவது வரை படித்த தைரியத்தில் அடித்துச் சொன்னேன்.

"கேக்குதுங்க மச்சான். டிக், டிக்குங்குது."

கூர்ந்து கேட்டேன். இருந்தது. எல்லா வௌவாலும் அப்படியில்லை, உயரத்தில் பறக்கிற ஏதோ ஒரு வகை. உங்களுக்கு முன்பே எனக்குத்தான் கேட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன்.

பிறகு போனில் வீடியோ பார்த்து, முழு விஷயத்தோடு வந்தேன். வௌவால் போடும் சத்தம் பூச்சிமேல் பட்டுத் திரும்பும். திரும்பி வருகிற விதத்தை வைத்தே பூச்சி எத்தனை தூரம், எந்தப் பக்கம் பறக்கிறது என்று பிடித்துவிடும். தேடும்போது நிதானம், நெருங்க நெருங்க வேகம், வாயில் கவ்வுவதற்கு முன் பொரிந்து தள்ளும். அதே மாதிரி ஒன்றை லேத்தில் கடைந்து உங்கள் கைத்தடியில் மாட்டித் தருகிறேன் என்றேன். என்னால் முடியாததா? சிரித்தீர்கள். அன்றிலிருந்து தலையைச் சாய்த்து, வேட்டையை நீங்களே சொல்ல ஆரம்பித்தீர்கள். தேடுது. பாத்துருச்சு. முடிஞ்சுது.

அப்புறம் சிறுநீரகமும் போனது. டயாலிசிஸுக்கு இனி வருவதில்லை என்று படுத்துவிட்டீர்கள். என் தங்கச்சி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். மேட்டுப்பாளையத்தில் காதுகுத்து விருந்தில் சொந்தங்கள் விசாரித்தபோது, பந்தியில் உட்கார்ந்தபடியே உரக்கச் சொன்னேன்: நான் ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளை எழுந்து வருவார், வராவிட்டால் இனி எவர் வீட்டுச் சீருக்கும் வந்து நிற்கமாட்டேன்.

மறுநாளே பொழுது சாய, நீங்கள் கட்டில் போட்டுக் கிடந்த களத்துக்கு வந்தேன். சில பூச்சிகளுக்கும் காது உண்டு, வௌவால் வருவது கேட்டதும் சிறகை மடக்கிப் பொத்தென்று விழுந்து தப்பிவிடும், நீங்களும் தப்பலாம் என்றேன். அப்படித் தப்பிய பூச்சி நூறு வருஷம் வாழும் என்று என் சரக்கையும் சேர்த்தேன்.

மேலே டிக் டிக் வேகம் பிடித்து, பொரிந்து, நின்றது.

"உழுந்து தப்பிச்சாலும் மறுபடி இந்த வெளிச்சத்துக்குத்தானுங்க வருது," என்றீர்கள். "எனக்குச் சத்தம் கிட்ட வந்துருச்சுங்க மச்சான்."

எழுந்துபோய்க் களத்து விளக்கை அணைத்தேன். 

நீங்கள்தான் பேச்சை மாற்றினீர்கள். "பந்தியில வாக்குக் குடுத்துப்போட்டீங்களாமா? உங்க தங்கச்சி சொன்னா. அந்தச் சட்டைய எடுங்க, போலாம்."

விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரி வாசலில் சொந்தங்கள் நின்றிருந்தார்கள். என் தோளைப் பிடித்து நடந்தீர்கள். உடம்பில் எடையே இல்லை. கை மட்டும் கனத்தது. எல்லோருக்கும் கேட்கும்படி நின்று சொன்னீர்கள்:

"வர்றதா இல்லீங்க. மச்சான் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாரு. தட்ட முடியுங்களா?"

அந்த மழைக்காலம் முழுக்க ஊசிகளைத் தாங்கினீர்கள். பிறகு ஒரு மத்தியானம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டீர்கள்.

உங்களை எழுப்பிக் கூட்டிவந்தவன் நான்தான் என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தங்கச்சி கேட்டுக்கொண்டிருப்பாள், மறுப்பதில்லை. என் கதைகள் எல்லாம் சொல்லச் சொல்ல வளரும். வாசலில் நீங்கள் சொன்னதை மட்டும் நீங்கள் சொன்ன அளவிலேயே வைத்திருக்கிறேன். அதில் ஒரு சொல் சேர்க்கவும் எனக்குத் துணிவில்லை.