மீன்தான் என்று சொன்னேன்

லிங்கநகர்,
திருகோணமலை.
06.04.2025

அன்புள்ள மகள் தேனுகாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகன் நிருபனும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பத்திரகாளி அம்மன் துணை நிற்க வேண்டும். நாங்கள் இங்கே சுகம் என்று எழுத வந்து, பேனையைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு இருந்தேன். அம்மா இப்போது சுகம், அது உண்மை. ஆனால் மாசி மாதம் நான் உனக்குப் போனில் சொன்னது உண்மை இல்லை, அவருக்கு வந்தது காய்ச்சல் இல்லை. போன கிழமை நீ அழுதுகொண்டு, அம்மாவுக்கு என்னில என்ன கோவம், ஏன் வீடியோவில முகம் காட்டமாட்டன் எண்டுறா என்று கேட்டாய். உன்னில் ஒரு கோபமும் இல்லை பிள்ளை. அவருடைய தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது, நீ பார்த்தால் தாங்கமாட்டாய் என்றுதான் மறைக்கிறார். அதற்குக் காரணம் நான். போனில் சொன்னால் நீ இடையில் அழுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். ஆறுதலாக இருந்து படி.

மாசி முதல் கிழமை திரியாய்க் காணியைத் துப்புரவாக்கப் போனேன். கிணற்றடி வேலியில் என் அப்பு அந்தக் காலத்தில் வள்ளிக்கிழங்கு வைத்திருந்தது எனக்கு நல்ல ஞாபகம். அதே இடத்தில் ஒரு கொடி காய்ந்து கிடந்தது, இலையும் இல்லை, பூவும் இல்லை, வெறும் தண்டு. நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்த காலமெல்லாம் அது எனக்காகக் காத்திருந்தது என்று நினைத்துத் தோண்டினேன். விரல் தடிப்பில், இரண்டாகக் கவர் விட்டு, கலப்பை மாதிரி வளைந்த கிழங்குகள். கல்லு நிலம், அதனால்தான் வளைந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் காணிச் சசிகரன் கூப்பிடு தூரத்தில்தான் நின்றான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டின முப்பது வருசமும் யாரிடமும் வழி கேட்காதவன், என் காணிக் கிழங்கை அடையாளம் காட்டச் சொல்லி இன்னொருவனையா கேட்பேன். எனக்குச் சீனி வருத்தம், கிழங்கு கூடாது, அம்மாவுக்காகத்தான் கொண்டுவந்தேன். மத்தியானம் அவித்துச் சம்பலோடு சாப்பிட எடுத்தார். முதல் கடியிலேயே, கைக்குதே என்றார். பழைய கொடிக் கிழங்கு அப்படித்தான் இருக்கும், சம்பலைக் கூடத் தொட்டுச் சாப்பிடும் என்றேன். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

பின்னேரம் நாலு மணிக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. அந்த நேரம் பார்த்துச் சசிகரன், தோண்டின அலவாங்கை விட்டிட்டுப் போட்டியள் ஐயா என்று போன் எடுத்தான். பேச்சோடு பேச்சாகக் கிழங்கு விசயத்தைச் சொன்னேன். அந்த வேலியில வள்ளி எங்க இருக்கு, கார்த்திகை மாசம் முழுக்கக் கார்த்திகைப் பூவெல்லோ பூத்து நிண்டது, அது நஞ்சு, உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ என்று கத்தினான். ஆனால் பார் மகள், அந்தப் பதற்றத்திலும் மிச்சக் கிழங்கை எடுத்து வளவுக் குப்பைக் கிடங்கில் போட்டு மூடிவிட்டுத்தான் ஓட்டோவுக்குப் போன் பண்ணினேன். இங்கே ஒரு பெண் கார்த்திகைக் கிழங்கு சாப்பிட்டாள் என்றால் தவறுதலாக என்று யாரும் நினைக்க மாட்டார்கள், சாகத்தான் சாப்பிட்டாள், வீட்டில் என்ன பிரச்சினை என்றுதான் கேட்பார்கள். பொலிஸ் வரும், லிங்கநகர் முழுக்கக் கதைக்கும். அதனால் என்ன சாப்பிட்டவ என்று டொக்டர் பிள்ளை கேட்டபோது நேற்றைய மீன்குழம்பு என்று சொன்னேன். அவர் அதை நம்பிச் சேலைன் ஏற்றினார். பெண்கள் வார்ட்டில் என்னைத் தங்க விடவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கட்டிலில் மகளோடு நின்ற மூதூர் உம்மு குல்சும்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள். விடிய நான் தேத்தண்ணிப் போத்தலோடு போனபோது அவர் என்னை வாசலிலேயே மறித்து, ஐயா, மீனால ஒரு மனிசிக்கு இப்படி வராது, கைகால் விறைக்குது எண்டு சொல்றாங்க, நீங்க எதையோ ஒளிக்கிறீங்க, அல்லாவுக்காகச் சொல்லிருங்க என்றார். அப்போதுதான் டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஐயா, இதுக்கு மாற்று மருந்து எண்டு ஒண்டும் இல்லை, வந்த உடனே கரித்தூள் குடுத்திருந்தா நஞ்சில கொஞ்சத்தையாவது உடம்புக்குள்ள போக விடாமப் பிடிச்சிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு ஓடி வந்து குப்பைக் கிடங்கைக் கிளறி அந்தக் கிழங்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதன்பிறகுதான் கரித்தூள் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் பிரஷர் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே போயின, அதைக் கூட்ட ஊசி, இரத்தம், சேலைன் என்று பத்து நாள். நான் வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்து, ஒரு கிழங்குக்கு ஒரு உயிரா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். அந்த நாட்களில் நீ போன் எடுத்தபோதெல்லாம் காய்ச்சல், நித்திரை என்றேன். அணுக்கள் திரும்ப ஏறத் தொடங்கின பிறகுதான் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். முடி திரும்ப வரும் என்று டொக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார், இப்போதே பூனைமயிர் போல அரும்பியிருக்கிறது. கிளினிக்குக்கு ஒழுங்காகக் கூட்டிப்போகிறேன். பொலிசும் வந்ததுதான். ஒரு கொன்ஸ்டபிள் வந்து, பத்து நிமிசம் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கவனமா இருங்க ஐயா என்றுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பத்து நிமிசத்துக்குப் பயந்துதான் நான் ஒரு இரவை வீணாக்கினேன்.

இவ்வளவையும் நான் என் பிழை என்று சுமந்துகொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை கஞ்சி கொடுக்கும்போது மனம் பொறுக்காமல் அம்மாவிடம், அது நஞ்சு என்று தெரிந்துகொண்டுதான் மீன் என்று சொன்னேன், என்னை மன்னியும் என்றேன். அவர் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, எனக்கும் தெரியுந்தானே, நீங்கள் போனை லௌட் ஸ்பீக்கர்ல போட்டெல்லோ கதைக்கிறனீங்கள் என்றார். டொக்டர் பிள்ளை அந்த முதல் நாள் இரவு தனியாக வந்து, அம்மா வேறென்ன சாப்பிட்டனீங்கள் என்று அவரிடமும் கேட்டதாம். மீன்தான் என்று சொன்னாராம். உயிர் போற நேரத்திலையும் ஏன் அப்பிடிச் சொன்னனீர் என்று கேட்டேன். டொக்டருக்கு முன்னால உங்களைப் பொய்யன் ஆக்கச் சொல்லுறீங்களோ என்றார். எனக்கு அதற்கு மேல் அங்கே இருக்க ஏலவில்லை.

நீ கலியாணம் முடித்துப் போகும்போது நான் சொன்ன ஒரே புத்திமதி, அம்மாவைப் போல நட, நாலு பேருக்கு முன்னால் புருசன் சொன்னதை மறுத்துக் கதையாதே என்பது. அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். அதை மறந்துவிடு மகள். மருமகன் பிழையாக ஒன்று சொன்னால், யார் நின்றாலும், அந்த இடத்திலேயே பிழை என்று சொல்லு. அவர் தங்கமான பிள்ளை, கோபிக்க மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை அவருக்கும் படிக்கக் கொடு. என்னிடம் பொய் சொல்லிப்போட்டியள் அப்பா என்று நீ ஏசினாலும் கேட்டுக்கொள்வேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் எடு. கோணேசர் அருளால் நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். எழுதி முடித்து இதை அம்மாவிடம் கொடுத்து, பிழை ஏதும் இருந்தால் சொல்லும் என்றேன். கடைசி வரை வாசித்துவிட்டு, ஒரு பிழையும் இல்லை, எல்லாம் சரி என்று திருப்பித் தந்தார். முன்பென்றால் அதோடு ஒட்டித் தபாலில் போட்டிருப்பேன். இப்போது எனக்கு அதை நம்ப ஏலாமல் இருக்கிறது. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போன் எடுத்து, நீ தனியாகக் கேட்டுப் பார். உனக்காவது சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. கதிரவேல்