மூன்று முறை வழங்கப்பட்ட ஒரே மூன்று சக்கர வண்டி

உறையைப் பிரிப்பவருக்கு: தயவுசெய்து இதை அம்மையீர் அவர்களைத் தவிர வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். பிரித்தது அம்மையீராகிய தாங்களே என்றால், படித்து முடித்ததும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதினால் பலருக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். சித்தூரில் அது பெரிய பாதுகாப்பு இல்லை என்பது இரண்டு வரி எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அனுப்புநர்
ஜெ. சுஷ்மிதா,
பத்தாம் வகுப்பு (தமிழ் வழி),
ஏரிக்கரைத் தெரு, கட்டமஞ்சி,
சித்தூர்.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நலத்துறை,
சித்தூர்.

பொருள்: சஹாய சந்திரிகா சேவா கிளப், எங்கள் தெருவைச் சேர்ந்த செங்கமலம் என்பவருக்கு இதுவரை மூன்று முறை வழங்கியுள்ள பேட்டரி மூன்று சக்கர வண்டியை, வரும் ஞாயிறன்று நான்காம் முறை வழங்கும்போது உண்மையாகவே வழங்கச் செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர் அவர்களுக்கு வணக்கம்.

1. தங்களுக்கு என்னை நினைவிருக்காது. சென்ற டிசம்பரில் தாங்கள் எங்கள் பள்ளிக்கு வந்தபோது நன்றியுரை சொன்ன, கண்ணாடி போட்ட பெண் நான். தாங்கள் குடியாத்தத்தில் பிறந்ததாகத் தலைமையாசிரியையிடம் தமிழில் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தெலுங்கும் எழுத வரும். ஆனால் தெலுங்கில் எனக்கு நன்றி சொல்லித்தான் பழக்கம், புகார் சொல்லிப் பழக்கமில்லை.

2. நான் மேற்படி கிளப்பின் மாணவர் அணிச் செயலாளர். சட்டையில் குத்திக்கொள்ள நீல நிற பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலி போடுவது, பூங்கொத்துத் தட்டை ஏந்தி நிற்பது, கடைசியில் நன்றி சொல்வது ஆகியவை செயலாளரின் பணிகள். இவற்றில் நன்றி சொல்வதில் இந்த மாவட்டத்திலேயே எனக்கு ஈடு கிடையாது. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் சொல்வேன். ‘நன்றி’ என்று வரும் இடத்தில் என் குரல் தானாகவே கம்மிவிடும். அது நெகிழ்ச்சி இல்லை, மைக்கைக் கண்ட பயம். ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் கைக்குட்டையையும் பிறகு பர்ஸையும் எடுப்பார்கள். “இந்தப் பாப்பா தேங்க்ஸ் சொன்னா கல்லுகூட செக் எழுதும்” என்று கிளப் தலைவர் ஹரிபாபு சார் எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்டு நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

3. கிளப் நல்லதே செய்வதில்லை என்று நான் எழுத முடியாது. இதை எழுத உதவும் கண்ணாடியே அவர்களுடைய கண் முகாமில் கிடைத்ததுதான். மேலும் நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பா ஜெபகுமார், ஹரிபாபு சாரின் கார் டிரைவர். எங்கள் வீட்டு அரிசி அந்தச் சம்பளத்தில்தான் வருகிறது. இவ்வளவும் தெரிந்தும் எழுதுகிறேன் என்றால் என் புத்தியைப் பற்றித் தாங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையேதான் நானும் நினைக்கிறேன்.

4. இனி விஷயம். செங்கமலம் அக்கா எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிறார். சிறு வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. ஊன்றுகட்டைகளை வைத்துக்கொண்டு தெருமுனை வரை போவார், அதற்கு மேல் முடியாது. கூலிக்கு ப்ளவுஸ் தைக்கிறார், கம்ப்யூட்டரில் பில் போடவும் படித்திருக்கிறார். கடந்த பிப்ரவரியில் கிளப் ஹாலில் நடந்த விழாவில், பெங்களூரிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஊழியர்கள் அவருக்கு இந்த வண்டியை வழங்கினார்கள். சாவி கொடுப்பது போட்டோவில் தெரிய வேண்டும் என்பதற்காக, என் கை நீளத்துக்குத் தெர்மாகோலில் ஒரு சாவி வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டினேன். அழகாக வந்திருந்தது. அக்கா அன்று காலையிலேயே தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டுத்தான் விழாவுக்கு வந்தார்.

5. பெங்களூர்க்காரர்களின் வேன் கிளம்பியதும் ஹரிபாபு சார், “நம்பர் பிளேட் வேலை ஒண்ணு பாக்கி இருக்குதும்மா. ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துடும்” என்றார். அக்கா, “பர்வாலேது, பரவால்ல சார்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினார். தெர்மாகோல் சாவி மட்டும் அவர் மடியில் இருந்தது. அடுத்த வாரம் அதையும் திருப்பி வாங்கி வர என்னைத்தான் அனுப்பினார்கள், செய்தவள் நான் என்பதால். “எடுத்துக்கினு போடி. இத்த வச்சி நான் எந்தப் பூட்டத் தொறக்கப்போறேன்” என்றார் அக்கா. நான் சிரித்தேன். செயலாளர் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

6. ஜூன் மாதம் என்னை அழைத்து, வண்டி சீட்டின் முதுகில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். என் கைவேலை சுத்தமாக இருக்கும் என்று பெயர். ஸ்டிக்கரில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, ஓரத்தை நகத்தால் தூக்கிக் கிழியாமல் உரித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். எதற்காக உரிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் முதல் மாணவி என்று வேறு என்னைச் சொல்கிறார்கள்.

7. அந்த ஜூன் விழாவில் வண்டியை வழங்கியவர்கள் பலமனேரில் பால் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தார். காலமான தாயார் வள்ளியம்மாள் நினைவாகக் கொடுத்தார்கள். மூத்த மகன் மேடையில் சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எங்கம்மா கடைசி காலத்துல கட்டில விட்டு எறங்கவே இல்ல. நீ இதுல போறப்ப அவங்களே போற மாதிரி நெனச்சிக்கிறேன்மா” என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அன்று நன்றியுரையில் என் குரல் கம்மவில்லை. எப்போது முடியும் என்றிருந்ததால் வேகமாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். அன்றைய உரை சரியில்லை என்று ஹரிபாபு சார் குறைபட்டார். அந்த முறை இன்சூரன்ஸ் வேலை பாக்கி என்று சொல்லி வண்டியை எடுத்துப் போனார்கள்.

8. செப்டம்பரில் மூன்றாம் முறை. வெளிநாட்டில் இருக்கும் நன்கொடையாளர்களுக்கு வீடியோவில் காட்டி அவர்கள் பெயரில் வழங்கினார்கள். அதற்கு முன் வள்ளியம்மாளின் பெயரையும் நான்தான் உரித்தேன். உரித்ததைக் கசக்கிப் போட மனம் வராமல் எங்கள் பீரோ கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தேன். இப்போது துணி எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூவரும் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை மனுவில் எழுதக் கூடாது. கிளப் ஹாலில் இப்போது ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது என்பது தெரியும்.

9. எங்கள் தெருவில் அக்காவை எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவரும் சேர்ந்துகொள்கிறார். “மாப்பிள்ள மாலையோட வர்றான், பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சிக்கிறான், குட்டியானை ஏறி அவங்கம்மா வூட்டுக்குப் போய்ட்றான். இன்னும் தாலிதான் கட்டல” என்பார். குட்டியானை என்பது வண்டியை ஏற்றிப்போகும் சின்ன லாரி. அதில் கூடவே போய் வண்டியைக் குடோனில் இறக்குவது என் நைனாவின் வேலை. அப்படிப் போகும்போது அவர் எங்கள் தெரு வழியாக வருவதில்லை, ஏரியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார். டீசல் வீணாகிறதே என்று ஹரிபாபு சார் கேட்டதற்குத் தெருவில் பள்ளம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் போன வருஷம்தான் சிமெண்ட் ரோடு போட்டார்கள். இதைப் பற்றி ஒருமுறை நைனாவிடம் கேட்டேன். “நான் வண்டி ஓட்ற ஆளு பாப்பா. கேள்வி கேக்கற ஆளு இல்ல. துன்னுட்டுப் படு” என்றார். நான் தின்றுவிட்டுப் படுத்தேன்.

10. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மொத்த மருந்துக் கடையில் அக்காவுக்குப் பில் போடும் வேலை கிடைத்திருக்கிறது. “நீயே வந்து நீயே போறதா இருந்தா டிசம்பர் ஒண்ணாந்தேதி வந்துடும்மா, இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்” என்று முதலாளி சொல்லிவிட்டார். தினமும் ஆட்டோவில் போனால் சம்பளம் ஆட்டோவுக்கே சரியாகிவிடும். இந்த முறை வண்டி கட்டாயம் வீட்டுக்கு வரும் என்று ஹரிபாபு சார் சொன்னதை நம்பி, அக்கா ஞாயிற்றுக்கிழமைக்கென்று புது ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கிளப் திருப்பதியில் புதுக் கிளை தொடங்குகிறது. தரிசனத்துக்கு வருபவர்களிடம் நன்கொடை நன்றாகக் கிடைக்கும் என்று, ஞாயிறு விழா முடிந்ததும் வண்டியை அங்கே அனுப்பிவிடப் போகிறார்கள். அங்கே வாங்கிக்கொள்ள வேறொருவரையும் பார்த்துவிட்டார்கள். நைனா போனில் பேசியதிலிருந்து இது எனக்குத் தெரியவந்தது. அக்காவுக்குத் தெரியாது. சொல்ல மூன்று முறை அவர் வீட்டு வாசல் வரை போனேன். மூன்று முறையும் ஊசி நூல் இரவல் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் வீட்டில் இப்போது ஊசி நிறைய இருக்கிறது.

11. ஞாயிறு விழாவுக்குத் தாங்கள்தான் சிறப்பு விருந்தினர் என்று அழைப்பிதழில் பார்த்தேன். வழங்குபவர்கள் மும்பையிலிருந்து வருகிறார்கள். சார்ஜ் ஏற்றவும் அவர்கள் பெயரை ஒட்டவும் வண்டி இன்றைக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாக சார்ஜரின் சிவப்பு விளக்கு தெரிகிறது. இதை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தபோது நைனாவின் வேலை முதலில் நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசை. உண்மையில் முதலில் நினைவுக்கு வந்தது என் பேட்ஜ். நைனாவின் வேலை இரண்டாவது.

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பெரிய விசாரணை இல்லை. போலீஸ் வேண்டாம், பேப்பரில் வரவும் வேண்டாம். தாங்கள் மேடையில் தெர்மாகோல் சாவியை அக்காவின் கையில் கொடுத்ததும் கார் ஏறிவிடாமல், உண்மையான சாவி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அக்காவை வண்டியில் உட்காரச் சொல்லி, அவரே ஓட்டிக்கொண்டு ஹால் கேட்டைத் தாண்டிக் கட்டமஞ்சி பக்கம் திரும்பும் வரை அங்கேயே நிற்க வேண்டும். தாங்கள் நிற்கும்போது நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நன்றியுரையை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் நான் இழுத்துக்கொள்கிறேன். அதிகாரிகளை மேடையில் நிறுத்திவைப்பது எனக்கு நன்றாக வரும். என் நைனா சொன்னதைச் செய்தவரே தவிர ஒரு பைசாவும் வாங்கியதில்லை, அவருக்கு எந்தக் கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சித்தூர்
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெ. சுஷ்மிதா

பின்குறிப்பு: நான் சொல்வதை நம்பக் கஷ்டமாக இருந்தால், மேடையில் சீட்டின் முதுகைத் தங்கள் விரலால் தடவிப் பாருங்கள். புதுப் பெயருக்கு அடியில் பழைய பசை மூன்று அளவில் மேடுமேடாகத் தட்டுப்படும். எவ்வளவு எண்ணெய் போட்டும் அது மட்டும் எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள். தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன். குட்டியானை ஓட்டும் சிரஞ்சீவி அண்ணனின் குரல். “ஜெபாண்ணே, விழா திருப்பதிக்கே மாறிடுச்சாம். பம்பாய்க்காரங்க மலையிலேர்ந்து எறங்கி அங்கயே குடுத்துட்டுப் போறாங்களாம். வண்டிய இப்பவே ஏத்திக்கினு வரச் சொன்னாரு” என்கிறார். நைனா எழுந்துவிட்டார். “அப்போ செங்கமலம்?” என்று கேட்கிறார். “அந்தக்கா வேணாமாம். அங்க ஆளு இருக்குதாம்.” நைனா தாழை எடுக்காமலே, “மெல்லப் பேசு, புள்ள தூங்குது” என்கிறார்.

அம்மையீர், மேலே பன்னிரண்டாம் பத்தியில் கேட்டது இனி நடக்காது. பின்கதவு வழியாகப் போனால் அக்கா வீட்டுக்கு ஓடிவிடலாம். ப்ளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டு அவர் விழித்துத்தான் இருப்பார். இந்த முறை ஊசி கேட்கமாட்டேன். அவர் கட்டைகளை ஊன்றி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அவரைத் தூக்கிக் கீழே இறக்க நைனாவுக்குக் கை வராது. சிரஞ்சீவி அண்ணனுக்கும் வராது என்றுதான் நினைக்கிறேன். மறுபடியும் தட்டு