அந்துவான் வாங்கிய கார்டு

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா மகன் அந்துவான் இன்று கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டான். அதிலுள்ள பிராசசர், போர்டு, ரேம் எல்லாம் எனக்காக நான் மாதக்கணக்கில் அலசிப் பொறுக்கியவை. சேதராப்பட்டு கம்பெனிச் சம்பளத்தில் என்னால் இதுவரை கேபினெட் பெட்டி மட்டும்தான் வாங்க முடிந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பெரியப்பாவுக்கு யூரோவில் பென்ஷன் வருகிறது. எனக்கு எட்டாத கிராபிக்ஸ் கார்டையும் அவன் சேர்த்தே வாங்கிவிட்டான்.

அவன் வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"கார்டு போச்சாக்கா?" என்றான்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தான். நான் சொல்லவில்லை. பெரியம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்தேன். அவன் தவிப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

"கடைக்கே தூக்கிட்டுப் போறேன்" என்று கார்டைக் கழற்றப் போனான். அப்போதுதான், "ஒயர கார்டுல மாத்திக் குத்துடா" என்றேன்.

படம் வந்தது. கத்திக்கொண்டே என்னை நாற்காலியில் உட்காரவைத்தான். "மொத ஆட்டம் நீதான்க்கா."

விளையாடினேன். இருட்டிய பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. "போதும்க்கா, எனக்குக் குடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். காதில் விழாத மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன்.