கோவில்பாளையத்தில் தீரவேண்டிய பேட்டரி

29-7-1996, திங்கள்

கோயமுத்தூர் கணபதியில் குடியிருக்கும் பாலுசாமியாகிய நான், வயது அறுபத்தொன்று, நல்ல சுயநினைவோடு இந்த நோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இன்று முதல் இதில் எழுதப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். மிதிக்காமல் ஓடும் சைக்கிள் ஒன்றைச் செய்யப்போகிறேன்.

வலது முழங்கால் போன தையோடு ராஜினாமா கொடுத்துவிட்டது. அதனால் என்ன? பம்ப்செட் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் மோட்டாருக்குக் காயில் சுற்றியவன் நான். சுற்றிய செம்புக் கம்பியை நீட்டிப் பிடித்தால் நிலா வரைக்கும் போய், அங்கே தண்ணி வசதி சரியில்லையென்று திரும்பி வந்து, மருதமலையை நாலு சுற்றுச் சுற்றும்.

இந்த மாதிரி நான் சொன்னால் மற்றவர்கள் "போதுமுங்க" என்பார்கள். என் சம்சாரம் வெங்கடம்மா மட்டும் அரிசி புடைத்துக்கொண்டே "அப்பறம்?" என்பாள். அவள் போய் ஏழு வருஷம்.

31-7-1996

தபால்காரர் ஒரு கல்யாணக் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மூலைகளில் மஞ்சள். மணமகள் சண்முகப்பிரியா, என் தங்கச்சி பாவாத்தாளின் மகள். செப்டம்பர் ஒன்று, உடுமலைப்பேட்டையில்.

தபாலில்! எங்கள் பக்கத்தில் தாய்மாமனை அழைப்பதென்றால் தங்கச்சியும் மாப்பிள்ளையும் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம் வைத்து வீட்டுக்கு வரவேண்டும். மாமன் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் காப்பி. தாய்மாமனுக்கு ஸ்டாம்பு ஒட்டிய முதல் குடும்பம் எங்களுடையதுதான்.

காரணம் நான்தான், மறைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரியாவைப் பார்க்க வந்தவர்களிடம் சும்மா விளையாட்டுக்கு, "எங்க மாப்பிள தோப்புல நாலாயிரம் தென்னைங்க, தேங்கா உழுகற சத்தத்துல ஊரே தூங்கறதில்லீங்க" என்றேன். அவர்கள் சிரிக்காமல் போய் எண்ணிப் பார்த்தார்கள். நாற்பத்தாறு மரம். சம்பந்தம் அங்கேயே நின்றது.

"இனிமே வந்தா உங்க வாய ஊட்டுல வெச்சுப்போட்டு வாங்க" என்றாள் பாவாத்தாள். வாயைத் தனியாகக் கழற்ற வழி தெரியாததால் நான் மொத்தமாகவே போகவில்லை.

அவ வந்து கூப்புடாம நான் போவனா? மாட்டேன்.

2-8-1996

இன்று யாரோடும் பேசவில்லை. ரேடியோ பேசியது. அது கணக்கில் சேராது.

4-8-1996, ஞாயிறு

உக்கடத்தில் அப்துல் மஜீத் பாயின் பேட்டரிக் கடை. நசுங்கிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரை எடுத்துக் கொடுத்தார். பழைய பேட்டரி ஒன்றையும் கொடுத்தார். "இது பதினஞ்சு கிலோமீட்டர் தாங்குனாவே அதிசயமுங்ணா" என்றார்.

அதேதான் எனக்கு வேணும்! கணபதியிலிருந்து கோவில்பாளையத்தில் பாவாத்தாள் வீடு ஏறக்குறைய பதினஞ்சு.

"பஸ்ல போனா அர மணி நேரமுங்ளே?" என்றார் பாய்.

பஸ்ஸில் போனால் போனதாகிவிடும் பாய். புதுச் சைக்கிளை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய ஒரு விஞ்ஞானி, தற்செயலாகத் தங்கச்சி வீட்டு வாசலில் பேட்டரி தீர்ந்து நின்றால்? அது போனதாகுமா? ஆகாது. விபத்து.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பாவாத்தாளும் சும்மாவா இருப்பாள்? தினமும் வாசலில் நின்று சத்தியமங்கலம் ரோட்டையே பார்த்து அழுதுகொண்டிருப்பாள். அவள் கண்ணீரில் கோவில்பாளையம் குளம் நிரம்பி மறுகால் போயிருக்கும்.

8-8-1996

மோட்டாரிலிருந்து கிரைண்டர் பெல்ட், பெல்ட்டிலிருந்து ஒரு பெரிய புல்லி, புல்லியிலிருந்து செயின், பின் சக்கரத்தில் இரண்டாவதாக, முன்பக்கம் சுற்றினால் மட்டும் பிடிக்கும் ஒரு ஃப்ரீவீல். ஹேண்டில்பாரில் வீட்டு லைட் சுவிட்ச். மூன்று கண்டங்களின் விஞ்ஞானிகள் வயிற்றெரிச்சலில் படுத்திருப்பார்கள்.

சுவிட்சைப் போட்டேன். கிர்ர்ரென்று சத்தம் வந்தது. செயின் பின்பக்கமாக ஓடுகிறது, சக்கரம் அசையவே இல்லை. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது.

இவ்வளவுதானா? மோட்டாரின் திசையைத் திருப்புவது எனக்குப் பல் விளக்குவது மாதிரி. உள்ளே ஸ்டார்ட்டிங் காயிலின் முனைகளை மாற்றினால் தீர்ந்தது.

11-8-1996

மோட்டாரைப் பிரித்தேன். ஸ்டார்ட்டிங் காயில் இல்லை. தேடினேன். இரண்டு காந்தம் மட்டும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. என்னடா மோட்டார் இது? நாலாவது தடவையாகப் பிரித்துப் பூட்டியாயிற்று. ஒரு நட் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, குனிய முழங்கால் விடவில்லை. எடுத்துக் கொடுக்க ஆளில்லாத வீட்டில் நட்டு விழக்கூடாது.

13-8-1996

வெட்கத்தை விட்டு மஜீத் பாயை வரச்சொன்னேன். வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி குடித்தார்.

"ஏனுங்ணா, ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுத்துப் பாத்தீங்களா?"

"மாத்துனா மட்டும் என்ன பாய், அதே பக்கந்தான சுத்தும்? முப்பத்துநாலு வருசமா பாக்கறனே."

"அது ஊட்டுக் கரண்டுல ஓடற மோட்டாருக்குங்ணா. இது பேட்டரி மோட்டாரு."

சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டினார். சக்கரம் முன்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு சுற்றியது. கட்டில்மேல் இருந்த பேப்பர் பறந்தது.

அஞ்சு நாள். நாலு தடவை பிரித்தேன். மாற்றிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஏன்னா எனக்குத் தெரியுமல்ல?

14-8-1996

அவள்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்?

18-8-1996, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மஜீத் பாய், சார்ஜ் போடக் கொண்டுபோயிருந்த பேட்டரியை எடுத்து வந்து கேரியரில் கட்டிவிட்டார். புறப்பட்டேன். வேகத்தைச் சொன்னால் போலீசார் தேடுவார்கள். சரவணம்பட்டியில் லாரி ஒன்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. (டயர் பஞ்சர். இருந்தாலும் ஒதுங்கித்தானே நின்றது.) ஒரு நாய் என்னைத் துரத்த முயன்று மனம் உடைந்து திரும்பியது. அதற்கு முன்னால் கொஞ்ச தூரம் அது என்னைத் தாண்டி ஓடியதை எழுதத் தேவையில்லை.

கோவில்பாளையம் வந்தது. பாவாத்தாள் வீடு வந்தது. பேட்டரி தீரவில்லை.

என்ன செய்வது? தலையைத் திருப்பாமல் தாண்டிப் போனேன். அரை மைல் போய்த் திரும்பி வந்தேன். தீரவில்லை. மறுபடி போனேன். வந்தேன். குதிரை மாதிரி இழுக்கிறது. அப்போதுதான் கேரியரைத் திரும்பிப் பார்த்தேன்: பளபளவென்று புதுப் பேட்டரி. பாவி பாய்! நான் நடுவழியில் நின்றுவிடக்கூடாதென்று நல்லதாக மாட்டி அனுப்பியிருக்கிறார்.

நாலாவது தடவை தாண்டும்போது வாசலிலிருந்து குரல் வந்தது.

"எத்தன தடவைங்ணா போவீங்க? கோழியெல்லாம் பயந்து கெடக்குது."

இறங்கினேன். ஸ்டாண்டு போட்டேன். "பேட்டரி தீந்துபோச்சு அம்மணி" என்றேன்.

சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன். பின் சக்கரம் என் பின்னால் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாவாத்தாள் சக்கரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலை பாதி நரைத்துவிட்டது அவளுக்கு.

"தீந்துபோச்சாட்டத்தான் இருக்குதுங்ணா. உள்ள வாங்க. சார்ஜ் போட்டுக்கலாம்."

மாப்பிள்ளை பொங்கியண்ணன் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தட்டு வந்தது, வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம். அவள் வீட்டிலேயே, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழைப்பை வாங்கிக்கொண்டேன். முறுக்கிக்கொள்ளவும் மறந்துவிட்டது.

"கார்ட எதுக்கு தபால்ல போட்ட?"

"நேர்ல வந்து, நீங்க கதவச் சாத்தீட்டா நான் என்னங்ணா பண்ணுவேன்? தபால்ல போட்டா, சண்ட புடிக்கவாச்சும் வருவீங்கன்னு நெனச்சேன்."

அடேயப்பா. என்ற தங்கச்சியேதான்.

பேச்சை மாற்ற, லாரி ஒதுங்கி நின்றதைச் சொன்னேன். நாயின் மனம் உடைந்ததைச் சொன்னேன். காப்பியை ஆற்றிக்கொண்டே பாவாத்தாள் கேட்டாள்:

"அப்பறம்?"

மேலே இன்று எழுத வரவில்லை.

1-9-1996, உடுமலைப்பேட்டை

கல்யாணம் முடிந்தது. மாமன் முறையெல்லாம் செய்தேன். சம்பந்தி வீட்டாரிடம் தென்னையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சைக்கிளைப் பற்றி மட்டும், அதுவும் அவர்களாகக் கேட்டதால், கொஞ்சம்.

புறப்படும்போது பிரியா என் காலைத் தொட்டுவிட்டுக் காதில் சொன்னாள்: "கார்டு போட்ட நாள்ல இருந்து அம்மா வாசல்லயேதானுங் மாமா ஒக்காந்திருந்துச்சு. பஸ்ஸு நின்னா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கும்."

ஆகவே இந்த நோட்டில் ஒரு திருத்தம். நிலா புளுகு. நாயின் மனசு புளுகு. கோவில்பாளையம் குளம் நிரம்பியதும் புளுகுதான். அன்றைக்குப் பார்த்தேன், வறண்டுதான் கிடந்தது.

அவள் வாசலில் நின்றாள் என்று எழுதினேனே, அது மட்டும் நிஜம்.