கட்டில் போட்ட ட்ரெயிலர்

நவம்பர் 14, வெள்ளி. அப்புத்தளை.

என் வீட்டுக்காரர் வேனில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓடுகிறவர். வேனுக்குப் பின்னால் கட்டி இழுக்க, கட்டில் போட்ட ட்ரெயிலர் ஒன்று வாங்கினால் அவர்களை அதிலேயே தங்க வைக்கலாம் என்று அவருக்கு ஆசை. புதிதாக வாங்கலாம் என்றேன். பழையதே போதும் என்றார். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு.

இன்று மொனராகலையில் ஒரு பழைய ட்ரெயிலரைப் பார்க்கப் போனோம். உள்ளே ஏறியதும் என் காலடியில் பலகை அமுங்கியது. விரிப்பைத் தூக்கினேன். தரை முழுக்க உளுத்துப்போயிருந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இதையே எடுத்துக்கலாம் ரோஸ்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? புதுசு வாங்கினா இருபது வருஷம் நிக்குங்க."

விற்கிறவர் அப்பால் போகட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இருபது வருஷம் யாரு இழுக்கிறது? போன மாசம் பதுளை ஆஸ்பத்திரியில கண்ணப் பாத்தாங்க. ஒரு வருஷத்துல பார்வை போயிருமாம். அதுக்குள்ள ஓடுற வரைக்கும் ஓடுவோம்னுதான்..."

இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்றேன். காட்டியாச்சு என்றார். எனக்கு அழக்கூட வரவில்லை. எதையும் வாங்காமல் திரும்பினோம்.

மலை ஏறும்போது மூடுபனி. "இடது பக்கம் வளைவுங்க," என்றேன். அடுத்த வளைவையும் சொன்னேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டும்போது நான் வாய் திறந்தாலே எரிந்து விழுகிற மனிதர், இன்று ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார்.