இடப்பக்கம் இழுத்த வண்டி

என்னங்க,

வாசலில் வண்டியைக் காணோம் என்று பதற வேண்டாம். நான்தான் பட்டறைக்கு எடுத்துப் போகிறேன்.

நேற்று நீங்கள், "வண்டி இடப்பக்கமா இழுக்குது, எதுலயாவது இடிச்சியா?" என்று கேட்டதற்கு, "உங்க கைதான் இழுக்குது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். விடிந்ததும் ஜாக்கி போட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். முன் இடச் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் பிராக்கெட் வளைந்து கிடக்கிறது. போன வாரம் ஆற்றைக் கடக்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம். ஏதோ கல் தெறித்தது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இடித்தது நான்தான்.

வெல்டர் அக்காவுக்குப் போன் போட்டேன். "நிமித்தி, ஒரு தகடு வச்சுப் பத்தவச்சிடலாம். அப்புறம் வீல் அலைன்மென்ட் மட்டும் பாத்துடு" என்றார். நாளைக்கு நீங்கள் மலைமேல் மாடுகளுக்கு ஊசி போடப் போக வேண்டும். அந்தப் பள்ளத்துப் பாதையில் இந்த வண்டியோடு உங்களை அனுப்ப மனசு வரவில்லை.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. பத்து மணிக்கு உங்கள் தம்பி ஏணி வாங்க வருவார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடாதீர்கள், ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவார்.

மதியத்துக்குள் வந்துவிடுவேன். கோபம் மிச்சமிருந்தால் அதற்குள் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வலப்பக்கத்தையும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பிராக்கெட்டும் லேசாக வளைந்திருக்கிறது, வளைவில் பழைய துரு. அது யார் கைவரிசை என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தே நிமிர்த்தச் சொல்கிறேன்.